ஆற்றங்கரை மண்ணடுக்கைப் படிப்பது எப்படி: சேலத்துக்கும் சேர்வராயன் அடிவாரத்துக்கும் ஒரு கள வழிகாட்டி

சேலத்தைச் சுற்றியுள்ள மலையும் கரடும் ஒன்றுக்கொன்று வேறான பாறை. சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கடினமான கரும்பாறை. அதன் உச்சிச் சமவெளியில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் செம்பூராங்கல்லும் கிடக்கின்றன. கஞ்சமலையில் காந்த இரும்புக் கல்லும் குவார்ட்ஸும் வரிவரியாக மாறி மாறி நிற்கின்றன. மாமாங்கம், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் பச்சை கலந்த டுனைட் பாறை, அதைக் கிழித்துக்கொண்டு ஓடும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல். ஆகவே ஆற்றங்கரை வெட்டில் அகப்படும் கூழாங்கல்லை உடைத்துப் பார்த்தால், அது எந்த மலையிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பழைய நிலம் எப்படி இருந்தது, மழையும் காடும் எப்போது மாறின என்று படிவுகளில் தேடுகிறவருக்கு இந்த மாவட்டம் தரும் பெரிய வசதி இது. கீழே சொல்லும் முறை முழுவதும் அதை நம்பியே அமைந்திருக்கிறது.

இடமும் காலமும்

புதிதாகக் குழி தோண்ட வேண்டாம். ஏற்கெனவே வெட்டுப்பட்ட முகமே போதும். திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் பல இடங்களில் கட்டுக்கரைக்குள் ஓடுவதால் அங்கே பார்க்க அதிகம் இல்லை. நகரைத் தாண்டி வீரபாண்டி, ஆட்டையாம்பட்டிப் பக்கம் தேடுங்கள். சரபங்காவுக்கு ஓமலூரிலிருந்து எடப்பாடி வரை. மலையடிவாரத்தில் ஓடை அரித்த கரை, சாலை அகலப்படுத்தியபோது வெட்டிய மேடு, புதிதாகத் தோண்டும் கிணறு, செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, ஏரி தூர்வாரும்போது தெரியும் சுவர் என எல்லாமே பயன்படும். கிணற்றில் இறங்கிப் பார்க்க வேண்டாம். தோண்டுகிறவர்கள் மேலே கொட்டும் மண்ணை எந்த ஆழத்தில் எடுத்தது என்று கேட்டு வரிசையாகக் குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பட்டா நிலமானால் உரிமையாளரிடம் கேளுங்கள். ஆற்றுப் புறம்போக்கும் ஏரியும் அரசுடையவை. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, நீர்வளத்துறையின் அனுமதி பெறுங்கள். அடிவாரத்துக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. முதுமக்கள் தாழி, கருப்பு சிவப்புப் பானை ஓடு, பழைய நாணயம் எது தென்பட்டாலும் அங்கேயே நிறுத்திவிட்டு வட்டாட்சியருக்குத் தகவல் கொடுங்கள். புதையல் சட்டம் 1878 முதல் நடப்பில் இருக்கிறது. அதைவிட முக்கியம், இடம்பெயர்த்து எடுத்த ஓட்டுக்குத் தன் அடுக்கைப் பற்றிச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். ஆற்றில் நீர் குறைந்திருக்கும், கரை உலர்ந்து உறுதியாக இருக்கும். கோடை மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். வெடித்துக் காய்ந்திருந்த கரைக்குள் தண்ணீர் புகுந்து பெரிய பாளமாகச் சரியும்.

எடுத்துப்போக வேண்டியவை

மண்வெட்டி, கொத்தனார் கரண்டி, பெயின்ட் பிரஷ், 5 மீட்டர் டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, நீண்ட ஆணிகள், வெள்ளை நூல், தண்ணீர்த் தெளிப்பான், ஜிப் கவர்கள், பென்சில், மார்க்கர். நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதுமானது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீனில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகப் போட்டால் அதில் ஒட்டிய கரும்பொடியை எடுக்கவே முடியாது. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, சொட்டுப் பாட்டிலில். வண்ணம் குறிக்க மன்செல் வண்ண அட்டை. அது இல்லாவிட்டால் எல்லாப் படத்திலும் ஒரே வெள்ளைத்தாளை அடுக்கோடு சேர்த்து எடுங்கள். நகருக்குக் கீழே திருமணிமுத்தாற்றில் கழிவுநீர் கலப்பதால் கையுறையும் கணுக்கால் மூடும் காலணியும் கட்டாயம்.

முகத்தைச் சீவுதல்

வெளியே தெரியும் கரை முகம் நம்பத்தக்கதல்ல. மேலிருந்து வழிந்த செம்மண் கீழ் அடுக்குகளின்மேல் பூச்சாகப் படிந்திருக்கும். ஒரு மீட்டர் அகலத்துக்கு, குறைந்தது 20 செ.மீ. உள்ளே சீவி எடுங்கள். உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் நேர்குத்தாக வெட்டாமல் படிகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு மீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம், அடுத்தடுத்த படிகளில் 10 செ.மீ. ஆழம் இரண்டிலும் வரும்படி பாருங்கள். அடியை அரித்துத் தொங்கும் கரைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது, படம் எடுப்பதற்காகக்கூட.

மேலிருந்து கீழாகச் சீவுங்கள், கடைசியில் கரண்டியின் விளிம்பால் ஒரே திசையில் இழுத்து முடியுங்கள். பிறகு தண்ணீரைப் பனிபோல் தெளித்தால் உலர்ந்தபோது மறைந்திருந்த நிற வேறுபாடு எழுந்து வரும். நிறத்தை எப்போதும் ஈரமாகவே குறிக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது இயற்கையாகப் படிந்ததா, கொட்டிய மண்ணா என்பது. செங்கல் துண்டு, பாலித்தீன், ஜல்லி, வெவ்வேறு நிற மண்கட்டிகள் திசையில்லாமல் கலந்து கிடந்தால் அது நிரப்பிய மண். அதற்குக் கீழே போங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியவை எலி வளை, நண்டு வளை, தென்னை வேர் போன தடம், கறையான் பாதை. வட்டமாகவோ குழாயாகவோ வேறு நிற மண் நிரம்பியிருந்தால் அதை ஆணியால் குறித்துத் தள்ளி வையுங்கள். கறையான் அடிமண்ணை மேலே கொண்டுவரும், மேல்மண்ணைக் கீழே இறக்கும். செம்மண் பகுதியில் வயதுக் கணிப்பு கெடுவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

அளவும் குறிப்பும்

ஆழத்தை எந்த இடத்திலிருந்து அளப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆற்று மட்டத்தை அடிப்படையாக வைக்காதீர்கள். மணல் அள்ளிய ஆறுகளில் படுகையே தாழ்ந்துவிட்டது. அருகிலுள்ள பாலத்தின் கைப்பிடிச் சுவரோ கல்வெர்ட்டின் மேற்பரப்போ நிலையான புள்ளியாக இருக்கட்டும்.

அடுக்குக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால் எல்லைகளைப் பாருங்கள். ஒவ்வோர் எல்லையிலும் ஆணி அடித்து நூல் கட்டுங்கள். எல்லை கூர்மையா, 2 முதல் 5 செ.மீ. அளவில் மாறுகிறதா, அல்லது கையகலத்துக்கு மெல்ல மெல்லக் கரைகிறதா? நேராகப் போகிறதா, குழிந்து போகிறதா? கூர்மையாகக் குழிந்த எல்லை, மேல் அடுக்கைப் படிவித்த நீர் கீழே இருந்ததை அரித்துக்கொண்டு போயிருக்கிறது என்று காட்டும். அந்த ஒரு கோட்டில் ஆயிரம் ஆண்டுகள் காணாமல் போயிருக்கலாம். படிந்த அடுக்குகளை மட்டும் கூட்டிப் பார்த்து வரலாறு எழுதுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

குறிப்பேட்டில் இரண்டு பத்தி வையுங்கள்: இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைப்பது. மாதிரிக்காக ஒரு பதிவு:

0–40 செ.மீ.: பழுப்பு வண்டல், வேர்கள், பாலித்தீன் நார், கீழ் எல்லை கூர்மை. | அண்மைக்கால வெள்ளம்.
40–65 செ.மீ.: அடர் பழுப்புக் களி, கட்டிகட்டியாக உடைகிறது, வேர்த் தடங்கள், கரித்துகள், கீழ் எல்லை மெல்லக் கரைகிறது. | புதைந்த பழைய மேல்மண்ணா?
65–130 செ.மீ.: செம்பழுப்பு, கரடுமுரடான மணல், சுக்கான் (சுண்ணாம்பு) உருண்டைகள், அமிலத்தில் நுரைக்கிறது. | மேலே உள்ள மண்ணின் அடிப்பகுதி.
130 செ.மீ.க்குக் கீழே: உருண்ட சார்னோகைட் சரளை, தட்டைக்கற்கள் வடகிழக்காகச் சரிகின்றன. | பழைய ஆற்றுப்படுகை.

வலப்பக்கம் எழுதியது பின்னால் எத்தனை முறை மாறினாலும் இடப்பக்கம் மாறக் கூடாது.

துகளின் அளவைக் கையால் கண்டுபிடிக்கலாம். 2 மி.மீ.க்கு மேல் சரளை. 2 முதல் 0.063 மி.மீ. வரை மணல், அதற்குக் கீழே 0.004 மி.மீ. வரை வண்டல், இன்னும் நுண்ணியது களி. ஈரமண்ணை உருட்டிக் கட்டைவிரலால் பட்டையாக நீவுங்கள். 5 செ.மீ.க்கு மேல் உடையாமல் வந்தால் களி மிகுதி, 2.5 செ.மீ.க்குள் உடைந்தால் மணலும் வண்டலும் கலந்தது. உருண்டையே பிடிக்காவிட்டால் மணல். பல்லில் கடித்துப் பார்க்கும் பழக்கம் நிலவியலாளர்களிடம் உண்டு. நகருக்குக் கீழே அதைச் செய்யாதீர்கள்.

வீட்டில் உறுதிப்படுத்த, நேர்ச்சுவருள்ள ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உலர்ந்து பொடித்த மண், மீதி தண்ணீர், அரைத் தேக்கரண்டி சலவைச் சோடா. ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் எடுத்துப் படிவது களி. மூன்று உயரத்தையும் அளந்து விகிதம் எழுதலாம். களி தண்ணீரை இழுத்து ஊதி நிற்பதால் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். ஒரே வெட்டுமுகத்தின் அடுக்குகளை ஒப்பிட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

கல் எந்த மலையுடையது

சரளை அடுக்கு கிடைத்தால் ஒரு சதுர அடிக்குள் கையில் சிக்கும் நூறு கற்களைத் தேர்ந்தெடுக்காமல் எடுங்கள். ஒவ்வொன்றையும் உடைத்து வகைவாரியாகப் பிரித்து வையுங்கள். சார்னோகைட் உள்ளே கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு, வெளியே பழுப்புத் தோல். இரும்புக் கல் கனமாக இருக்கும், காந்தம் ஓடி ஒட்டும். பாக்சைட்டும் செம்பூராங்கல்லும் லேசாக, துளைகளோடு, சிறு உருண்டைகள் ஒட்டிய தோற்றத்தில் இருக்கும். டுனைட் பச்சை மங்கிய பழுப்பு. பெரும்பாலும் வழியிலேயே சிதைந்துவிடும்.

இந்த விகிதம் அடுக்குக்கு அடுக்கு மாறுவதே நீங்கள் தேடும் செய்தி. கீழ்ச் சரளையில் சார்னோகைட் மட்டும் இருந்து, மேலே வரவர உச்சிச் சமவெளியின் பாக்சைட் துண்டுகள் கூடினால், மலைமுகட்டுக்கு அருகே அரிப்பு தொடங்கியிருக்கிறது. கஞ்சமலை ஓடைகளின் கரும்பொடி திடீரென்று புதிய இடத்தில் தென்பட்டால் ஓடை திசை மாறியிருக்கலாம். திசையைத் தட்டைக்கற்களே சொல்லும்: ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்போது அவை மேல்நீர்ப் பக்கமாக, அதாவது தண்ணீர் வரும் திசைப் பக்கமாகச் சரியும். மணலுக்குள் சாய்வாகத் தெரியும் கோடுகள் இதற்கு நேர்மாறு. அவை கீழ்நீர்ப் பக்கமாகச் சரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆறு பின்னோக்கி ஓடியதாக முடிவு வரும்.

கல்லின் முனையையும் பாருங்கள். கூர்முனையோடு, பெரிதும் சிறிதும் செங்களியில் அழுந்திக் கிடந்தால் அதை ஆறு கொண்டுவரவில்லை; சரிவிலிருந்து மண்ணோடு சேர்ந்து இறங்கியது. அடிவாரத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட அண்மைச் சரிவுகளின் குவியலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது எந்தப் பாடத்தையும்விட மேல். ஒரே நாள் மழை எவ்வளவு தடிமனான அடுக்கை விட்டுப்போகும் என்று தெரிந்தவர், பழைய தடித்த அடுக்கைப் பார்த்து அதற்குப் பல நூற்றாண்டுகளைக் கொடுத்துவிடமாட்டார்.

வயதுக்கும் கல்லே முதல் சாட்சி. சரளையில் இருக்கும் சார்னோகைட் சுத்தியலுக்கு மணி போல் ஒலித்தால் அது புதிது. கரண்டி பட்டதும் மணலாக உதிர்ந்தால், படிந்த இடத்திலேயே நெடுங்காலம் கிடந்து அழுகியிருக்கிறது. உடைந்த கல்லின் பழுப்புத் தோல் எத்தனை மி.மீ. என்று குறைந்தது இருபது கற்களில் அளந்து, இரண்டு சரளை அடுக்குகளை ஒப்பிடுங்கள்.

வெள்ளை அடுக்கு

சேலத்தில் அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது வெள்ளை அடுக்குதான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திரத்தின் ஜுவாலாபுரம் உட்படத் தீபகற்பத்தின் பல ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கிடைத்திருப்பதால், வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்ததும் ‘டோபா’ என்று எழுதிவிடத் தோன்றும். இங்கே வெள்ளைக்கு நான்கு காரணங்களாவது உண்டு.

ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். உடனே பொங்கி நுரைத்தால் அது சுக்கான், அதாவது மண்ணுக்குள் படிந்த சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் ஒரு துண்டைப் பொடித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் அமிலத்தோடு வைத்து, கிண்ணத்தை வெந்நீரில் இறக்குங்கள். சூடு ஏறியதும் நுரை வந்தால் மேக்னசைட். குளிர்ந்த அமிலத்துக்கு அது அசையாது. வெள்ளைக்கல்லை வேறெதுவோ என்று எண்ணிவிடுவது இதனால்தான். சூட்டிலும் நுரை இல்லை, விரலில் மாவாகி நாக்கில் ஒட்டும் என்றால் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமம் அழுகி உண்டான வெண்களி. ஜவ்வரிசி ஆலைக் கழிவு ஓடிய வாய்க்கால்களில் மாவுப் படிவும் இருக்கலாம். அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். இத்தனையும் இல்லை என்று உறுதியானால் மட்டும் நுண்ணோக்கி. எரிமலைச் சாம்பலாக இருந்தால் வளைந்த, கூர்விளிம்புள்ள கண்ணாடிச் சில்லுகள் தெரியும். அதன்பிறகும் வேதியியல் ஒப்பீடு செய்யாமல் டோபா என்று சொல்லக் கூடாது.

மேக்னசைட் என்று உறுதியானாலும் கேள்வி முடியவில்லை. உருண்டு தேய்ந்த வெள்ளைக் கூழாங்கல், மலை இயற்கையாக அரித்து வந்தது. கூர்முனைச் சில்லும் தூளும் திடீரெனப் பெருகினால் மேலே சுரங்கம் தோண்டிக் கொட்டியிருக்கிறார்கள்.

சுக்கானும் புதைந்த மண்ணும்

சுக்கான் படிய ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும் பருவம் வேண்டும். அதைவிட, தரை நெடுங்காலம் அரிக்கப்படாமலும் புதைக்கப்படாமலும் இருக்க வேண்டும். முதலில் வெண்பொடியாகத் தோன்றி, பிறகு உருண்டைகளாகி, உருண்டைகள் கூடிப் பாளமாகும். எந்த நிலை என்று குறியுங்கள். வேரைச் சுற்றிக் குழாய்போல் செங்குத்தாக நின்றால் அது உண்டான இடத்திலேயே இருக்கிறது. தேய்ந்து உருண்டு சரளையோடு கலந்து கிடந்தால் வேறெங்கோ ஒரு பழைய தரை அரிக்கப்பட்டு அதன் சுக்கான் இங்கே வந்து விழுந்திருக்கிறது. இரண்டும் எதிரெதிர்ச் செய்தி: ஒன்று நிலைத்த தரை, மற்றது அழிந்த தரை.

புதைந்த பழைய மேல்மண்ணை அதன் எல்லைகளால் அறியலாம். மேலெல்லை கூர்மை, கீழெல்லை மெல்லக் கரைவது. வேர்த்தடம், கட்டிகளின் மேல் மெழுகுபோல் களிப்பூச்சு, கரித்துகள் இருக்கும். கருநிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாங்கனீசும் இரும்புக் கரும்பொடியும் அதே நிறம் தரும், காந்தத்தால் ஒரு முறை சோதியுங்கள். சிவப்பும் அப்படித்தான். சேர்வராயன் சரிவின் மண்ணே சிவப்பு. அந்தச் சிவப்பு அப்படியே இறங்கி வந்திருக்கலாம். சாம்பல் நிறக் களியில் துருப்பிடித்த புள்ளிகள் தெரிந்தால் அங்கே நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஏரிப் படிவு

ஏரியின் நல்ல குணம், கட்டிய ஆண்டு தெரிந்தால் அடிவண்டலின் மூத்த வயது தெரிந்துவிடும். பனமரத்துப்பட்டி ஏரி 1911இல் கட்டப்பட்டது. அங்கே பழைய தரைக்கு மேலுள்ள வண்டல் எதுவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. வண்டலின் தடிமனை ஆண்டுகளால் வகுத்தால் சராசரி வேகம் வரும். ஒரு மீட்டர் நூறு ஆண்டில் என்றால் ஆண்டுக்கு ஒரு செ.மீ. ஆனால் குடிமராமத்திலோ விவசாயத்துக்கோ வண்டல் அள்ளிய ஏரியில் இந்தக் கணக்கு செல்லாது. ஊரில் மூத்தவர்களிடம் எந்தப் பக்கம், எந்த ஆண்டு அள்ளினார்கள் என்று கேட்ட பிறகே இடம் தேர்ந்தெடுங்கள். ஆண்டுதோறும் வற்றி வெடிக்கும் ஏரியும் உதவாது. வெடிப்பு வழியாக மேல்மண் ஆழத்துக்கு விழும். மதகுக்கு அருகே, கடைசியாக வற்றும் பள்ளமே நல்ல இடம்.

75 மி.மீ. பிவிசி குழாய், ஒன்றரை மீட்டர், ஒரு முனையின் வெளிவிளிம்பை உட்புறம் நோக்கிச் சாய்வாக அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். மேலே மரக்கட்டை வைத்து அடித்து இறக்குங்கள். இழுப்பதற்கு முன் குழாயின் உள்ளே மண் மட்டமும் வெளியே மண் மட்டமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளந்தே ஆக வேண்டும். குழாய் 100 செ.மீ. இறங்கி உள்ளே 80 செ.மீ. மண்தான் இருந்தால், மண் அமுங்கியிருக்கிறது. குழாயில் அளக்கும் ஒவ்வொரு ஆழத்தையும் 0.8ஆல் வகுக்க வேண்டும். பிறகு மேற்பகுதியில் தண்ணீர் நிரப்பி இறுக்கமாக மூடி போட்டு இழுத்தால் மண் நழுவாது. நிமிர்த்திய நிலையிலேயே கொண்டுபோங்கள்.

வயதறிதல்

மேல் அடுக்குகளில் காலம் சொல்லும் பொருள்கள் கண்ணுக்கே தெரியும். பாலித்தீன் அண்மைக்காலம். மேட்டூர் அனல்மின் நிலையம் 1987இல் ஓடத் தொடங்கியது. நுண்ணோக்கியில் உருண்டையான பறக்கும் சாம்பல் மணிகள் பெருகும் மட்டம் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. காப்பித் தோட்டத்து நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கின் மகரந்தம் கிடைத்தால் அந்த அடுக்கு அந்த மரம் இங்கே வந்த பிறகு படிந்தது. யூக்கலிப்டஸ் மகரந்தத்தை நாவல் குடும்பத்து மகரந்தத்திலிருந்து பிரிப்பது கடினம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உள்ள மகரந்தத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். இரும்புக் கிட்டம் மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது. சேலத்துச் சிற்றுலைகள் 19ஆம் நூற்றாண்டிலும் எரிந்தன. இடையே நாலாயிரம் ஆண்டு.

ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் முறையைப் படிவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். கதிரியக்க ஈயமான ஈயம்-210இன் அரை ஆயுள் 22 ஆண்டுதான். கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் உதவாது. அணுகுண்டுச் சோதனைகளால் வந்த சீசியம்-137 உச்சம் 1963ஐக் காட்டும். கரிமம்-14 ஐம்பதாயிரம் ஆண்டு வரை. அதற்கு எடுக்கும் கரித்துண்டைக் கையால் தொடாமல், இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். காகிதமும் பஞ்சும் கூடாது. பருத்த மரத்தின் நடுக்கரி, எரிந்த நாளைவிட நூற்றாண்டுகள் மூத்ததாகக் காட்டும். சுள்ளியும் விதையும் நல்லவை. ஆற்று மணலில் தனியாகக் கிடக்கும் உருண்ட கரி மேல்நீர்ப் பக்கத்தில் அரிக்கப்பட்ட பழைய அடுக்கிலிருந்து வந்திருக்கலாம். வெள்ளைக்கல் தூள் கலந்த மாதிரி என்றால் ஆய்வகத்துக்குக் கட்டாயம் எழுதுங்கள், குளிர்ந்த அமிலக் கழுவலில் அது போகாது.

கரியே இல்லாத மணலுக்கு ஓ.எஸ்.எல்., அதாவது மணல் கடைசியாக வெயில் பட்ட காலத்தைக் கணிக்கும் முறை. 5 செ.மீ. விட்டம், 25 செ.மீ. நீளமுள்ள இரும்புக் குழாயைப் புதிதாகச் சீவிய முகத்தில் கிடைமட்டமாக அடித்து நிரப்பி, இரு முனையையும் கருப்பு உறையால் இறுக்குங்கள். சுற்றி 30 செ.மீ.க்குள் உள்ள மண் அரைக் கிலோ தனியாக, ஈரம் போகாத கவரில். அடிவாரத்துச் சரிவு மண்ணில் இதைச் செய்யாதீர்கள்: ஒரே மழையில், கலங்கல் நீரில், வெயிலே படாமல் வந்து விழுந்த மணல் உண்மையைவிட மூத்த வயது காட்டும். மெல்லிய நுண்மணல் கிடையாகப் படிந்த ஆற்றங்கரை அடுக்கே தகுந்தது. சார்னோகைட்டில் ஃபெல்ட்ஸ்பார் மிகுதி. அது தேக்கிய ஒளியைக் காலப்போக்கில் கசியவிட்டு இளைய வயது காட்டக்கூடும் என்பதால் குவார்ட்ஸை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாதிரிகளைக் கீழிருந்து மேலாக எடுங்கள். மேலிருந்து எடுத்தால் உதிரும் மண் கீழ் மாதிரியைக் கெடுக்கும். ஒவ்வொன்றும் 300 கிராம், எல்லைக்கோட்டைத் தாண்டாமல். கவருக்குள் பென்சிலில் எழுதிய துண்டு, வெளியே மார்க்கர்.

ஆய்வக எண்களில் சேலத்துக்கே உரிய இடறல்கள்

ஏரிச் சேற்றில் எவ்வளவு தாவரக் கழிவு உள்ளது என்று அறிய 105 டிகிரியில் உலர்த்தி, 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்து, குறைந்த எடையைக் கணக்கிடுவது வழக்கம். ஏற்காட்டு மேட்டின் படிவுகளில் இது ஏமாற்றும். பாக்சைட்டின் முக்கியக் கனிமமான கிப்சைட் 300 டிகிரி அளவிலேயே தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராக விட்டுவிடும். வெறும் பாக்சைட் மண், தழைமண் போல எண் காட்டும். 550ஐ நெருங்கும்போது வெண்களியும் நீரை விடத் தொடங்கும், அதற்குச் சற்று மேலே மேக்னசைட்டும் சிதையும். மண் பரிசோதனை நிலையங்கள் செய்யும், கரிமத்தை எரிக்காமல் வேதிமுறையில் அளக்கும் வாக்லி-பிளாக் முறை இங்கே நம்பகமானது.

மகரந்தம் காற்றுப் புகும் செம்மண்ணில் பிழைக்காது. நீர் தேங்கிய கருங்களியில் மட்டும் கேளுங்கள். செம்மண்ணில் மணிச்சிலிக்கா, அதாவது புல் தன் உடலுக்குள் படியவைக்கும் நுண்சிலிக்காத் துகள் தங்கும், அதைத் தேடலாம்.

கரிம ஐசோடோப் எண், அதாவது மண்ணிலுள்ள கனமான கரிமத்துக்கும் லேசான கரிமத்துக்கும் உள்ள விகிதம், இன்னும் நுட்பமானது. செடி ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தைப் பொறுத்து அது மாறும். மரமும் நெல்லும் சி3 வகை, ஆயிரத்துக்கு சுமார் −27. வெப்பநிலப் புல் சி4 வகை, சுமார் −13. நீலகிரிக் கரிச்சேற்றில் இந்த எண்ணை வைத்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்திய பனியுகத்தில் நிலம் வறண்டு சி4 புல் பெருகியதையும் பின்னர் ஈரம் திரும்பியதையும் கண்டார்கள். அதே விளக்கத்தைச் சேர்வராயன் அடிவாரத்தின் கடைசிச் சில ஆயிரம் ஆண்டுக்கு அப்படியே போட முடியாது. ராகி, சோளம், சாமை, தினை, கரும்பு எல்லாமே சி4. எண் −27இலிருந்து −18க்கு ஏறினால் மழை குறைந்ததா, காட்டை அழித்துச் சாமை விதைத்தார்களா?

மழையா, கோடரியா

இதைப் பிரிப்பதற்கு ஒரே சான்று போதாது. அடுக்கில் கரித்துகள் பெருகி, சரிவின் செம்மண் கூடி, சி4 ஏறி, அதே நேரம் ஆற்றுச் சரளையின் அளவும் வெள்ள அடுக்குகளின் தடிமனும் மாறாமல் இருந்தால் மனிதக் கை என்று சொல்ல இடமுண்டு. சரபங்கா, திருமணிமுத்தாறு இரண்டிலும், வேறு மலையிலிருந்து வரும் ஆத்தூர் வசிஷ்ட நதியிலும் ஒரே காலத்தில் ஒரே மாற்றம் தெரிந்தால் மழை. ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் தெரிந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தக் காரணம்.

சேர்வராயன் மலையில் 1820களில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது, காடு திருத்தப்பட்டது. ஆகவே அடிவாரத்தில் கருமண்ணுக்கு மேல் ஒரு செங்களிப் போர்வை கண்டால் ‘காப்பி’ என்று எழுதக் கை துடிக்கும். வயது இல்லாமல் எழுதாதீர்கள். தேர்வு எளிது: அந்தச் செங்களிக்குள் சில்வர் ஓக் மகரந்தம் உண்டா, அதற்குக் கீழே இல்லையா, பாக்சைட் துண்டு கூடுகிறதா? மூன்றும் ஒத்துவந்தால் அனுமானம் வலுப்பெறும்.

சரளை பருத்ததனால் மழை கூடியது என்றும் ஆகாது. ஆறு நூறு மீட்டர் நகர்ந்து வந்தாலே முன்பு சேறு படிந்த இடத்தில் கல் படியும். குறைந்தது நூறு மீட்டர் இடைவெளியில் மூன்று வெட்டுமுகமாவது பார்த்து, ஒரே அடுக்கு மூன்றிலும் வருகிறதா என்று சரிபார்க்காமல் பருவம் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

வேலை முடிந்ததும்

வெட்டிய படிகளை மண்போட்டு மூடி மிதித்துவிடுங்கள். திறந்து விட்டால் அடுத்த மழையில் கரையே போகும், பக்கத்துத் தோட்டக்காரர் நட்டப்படுவார். பழைய முகம் எதுவென்று அடுத்து வருபவருக்குத் தெரிய, மூடுவதற்கு முன் ஒரு பாலித்தீன் தாளை முகத்தில் விரித்துவிடலாம். ஜிபிஎஸ் புள்ளி, அடிப்படை மட்டம், படங்கள், இடப்பத்திக் குறிப்பு ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். மாதிரியில் பாதியை அனுப்பி, மீதியை உலர்த்தி நிழலில் சேமியுங்கள். பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.